செஸ் எஞ்சின் எதற்காகக் காத்திருக்கிறது?

செல்போனிலோ கணினியிலோ ஒரு செஸ் எஞ்சினை (நகர்வுகளை அலசிச் சொல்லும் நிரலை) போட்டு அதன் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தவர்களுக்கு ‘ஹாஷ்’ என்று ஒரு வரி கண்ணில் பட்டிருக்கும். பக்கத்தில் 16 என்றோ 64 என்றோ ஓர் எண், அதையடுத்து ‘எம்பி’. பெரும்பாலானோர் அதைத் தொடுவதில்லை. நான் தொட்டேன். பல வருடங்களுக்கு முன்பு, 4 ஜிபி ரேம் மட்டுமே இருந்த ஒரு பழைய லேப்டாப்பில், நிறையக் கொடுத்தால் நிறைய யோசிக்கும் என்று நம்பி அந்த எண்ணை 4096 ஆக்கிவிட்டு அனலைஸ் பட்டனை அழுத்தினேன். எஞ்சின் ஓடத் தொடங்கினால் ஃபேன் சத்தம் போடும், அன்று போடவில்லை. ஹார்ட் டிஸ்க் மட்டும் கடகடவென்று உருண்டுகொண்டே இருந்தது. மவுஸ் நகரவில்லை. நொடிக்குப் பத்து லட்சம் நிலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த எஞ்சின் சில ஆயிரங்களுக்கு இறங்கிவிட்டது. கடைசியில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன்.

தவறு முழுக்க என்னுடையது. ஆனால் அன்று என்ன நடந்தது என்பது விளங்கினால், புதுப்புது வகை நினைவகங்கள் வரும்போது செஸ் மென்பொருளுக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதும் தானாக விளங்கிவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எஞ்சின் எதை நினைவில் வைத்துக்கொள்கிறது? ஒரே ஊருக்குப் பல வழிகள் இருப்பதுபோல, பலகையில் ஒரே நிலைக்குப் பல வரிசைகளில் போய்ச் சேரலாம். முதலில் ராஜா முன்னால் இருக்கும் சிப்பாயைத் தள்ளிவிட்டு அப்புறம் குதிரையை எடுக்கலாம். முதலில் குதிரையை எடுத்துவிட்டு அப்புறம் சிப்பாயைத் தள்ளலாம். எதிராளியும் அதே இரண்டு நகர்வுகளைச் செய்திருந்தால், முடிவில் பலகை ஒன்றுதான். ஆங்கிலத்தில் இதற்கு டிரான்ஸ்பொசிஷன் என்று பெயர். ஒரு வழியில் வந்தபோது அந்த நிலையை அலசி முடித்தாயிற்று. இன்னொரு வழியில் அங்கேயே வந்து நிற்கும்போது மறுபடியும் ஏன் அலச வேண்டும்? விடையைக் குறித்து வைத்திருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

இது ஏதோ சின்னச் சிக்கனம் என்று தோன்றினால் ஒரு புகழ்பெற்ற நிலையைப் பலகையில் வைத்துப் பாருங்கள். வெள்ளை ராஜா ஏ1-இல், வெள்ளைச் சிப்பாய்கள் ஏ4, டி4, டி5, எஃப்4. கருப்பு ராஜா ஏ7-இல், கருப்புச் சிப்பாய்கள் ஏ5, டி6, எஃப்5. வெள்ளையின் முறை. 1901-ஐச் சேர்ந்த இந்த நிலை லாஸ்கர், ரைக்ஹெல்ம் ஆகியோரின் பெயரால் அறியப்படுகிறது. அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ரூபன் ஃபைன் தன் எண்ட்கேம் (ஆட்டத்தின் கடைசிக் கட்டம்) புத்தகத்தில் 70-ஆம் எண்ணில் இதைச் சேர்த்ததால் எஞ்சின் எழுதுபவர்கள் ‘ஃபைன் 70’ என்றே சொல்வார்கள்.

சிப்பாய் ஒன்றுகூட நகர முடியாது. எல்லாம் முட்டிக்கொண்டு நிற்கின்றன. ராஜாக்கள் மட்டும்தான் நடக்க முடியும். வெள்ளைக்கு வெற்றி இருக்கிறது, ஆனால் முதல் நகர்வு ராஜா பி1. எதிராளியை நோக்கி நேராக முன்னேறாமல் பக்கவாட்டில் ஒதுங்க வேண்டும். ஏன் என்பது இருபது, முப்பது நகர்வுகள் தள்ளித்தான் தெரியும். நினைவே இல்லாத எஞ்சின் ஒவ்வொரு நகர்வுக்கும் நாலைந்து வழிகளைக் கிளைத்துக்கொண்டே போனால், இருபதாவது படியில் லட்சம் கோடியையெல்லாம் தாண்டிவிடும். ஆனால் உண்மையில் எத்தனை வெவ்வேறு நிலைகள் இருக்க முடியும்? ஒரு சிப்பாய் வெட்டுப்படும் வரை, ஒரு ராஜாவுக்கு 64 கட்டம், இன்னொன்றுக்கு 64 கட்டம், யார் முறை என்பதற்கு இரண்டு. பெருக்கினால் 8,192. அவ்வளவுதான்! அதிலும் பல சாத்தியமில்லாதவை. அந்தச் சில ஆயிரம் நிலைகளைக் குறித்து வைத்துக்கொள்ளும் எஞ்சின், கண் இமைக்கும் நேரத்தில் பி1-ஐக் காட்டிவிடுகிறது. ஹாஷ் என்னும் நோட்டுப் புத்தகத்தின் வேலை இதுதான்.

இந்த யோசனை பழையது. எம்ஐடியில் ரிச்சர்ட் கிரீன்பிளாட் எழுதிய மேக் ஹேக் நிரல் 1967-லேயே இதைச் செய்தது. 1970-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் சோப்ரிஸ்ட் அதற்கு ஓர் அழகான குறுக்குவழி கண்டுபிடித்தார். 12 வகைக் காய்கள், 64 கட்டங்கள். ஆக 768 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெரிய எண்ணைக் கொடுத்துவிடுங்கள். பலகையில் இருக்கும் காய்களின் எண்களையெல்லாம் ‘எக்ஸார்’ என்ற கணக்கால் கலந்தால், அந்த நிலைக்கு 64 பிட்டில் ஓர் அடையாள எண் கிடைக்கும். எக்ஸாரின் குணம், ஒரே எண்ணை இரண்டு முறை கலந்தால் அது மறைந்துபோகும். அதனால் குதிரை நகர்ந்தால் முழுப் பலகையையும் மறுபடி எண்ண வேண்டாம். பழைய கட்டத்தின் எண்ணை ஒரு முறை கலந்து அழித்துவிட்டு, புதிய கட்டத்தின் எண்ணைக் கலந்தால் போதும். ஐம்பத்தைந்து வருடங்கள் ஆகியும் எஞ்சின்கள் இதையேதான் செய்கின்றன.

அடையாள எண் தெரிந்தால் நோட்டில் எந்தப் பக்கம் என்பதும் தெரியும். இன்று மிக வலுவான எஞ்சின்களில் ஒன்றான ஸ்டாக்ஃபிஷ், ஒரு நிலைக்கு 10 பைட் மட்டுமே செலவழிக்கிறது: அடையாளத்தின் ஒரு பகுதி, நல்ல நகர்வு, மதிப்பெண், எவ்வளவு ஆழம் பார்த்தது என்பன. மூன்று குறிப்புகளை ஒரு 32 பைட் கட்டாகக் கட்டி வைக்கிறது. அந்தக் கணக்கில் 16 எம்பிக்குச் சுமார் 15.7 லட்சம் குறிப்புகள், 1 ஜிபிக்குப் பத்து கோடி. நொடிக்குப் பத்து லட்சம் நிலைகளைப் பார்க்கும் எஞ்சின், 16 எம்பி நோட்டைச் சில நொடிகளில் நிரப்பிவிடும். அப்புறம் பழையதை அழித்துத்தான் புதியதை எழுத வேண்டும்.

(1982-இல் இசட்எக்ஸ்81 என்ற வீட்டுக் கணினிக்கு டேவிட் ஹார்ன் எழுதிய செஸ் நிரலின் மொத்த அளவே 672 பைட். காஸ்லிங் கிடையாது, சிப்பாய்க்குப் பதவி உயர்வு கிடையாது, நோட்டுக்கு இடமே கிடையாது. இருந்தாலும் செஸ் ஆடியது. அதை நினைக்கும்போது 16 எம்பி போதவில்லை என்று புலம்ப வெட்கமாக இருக்கிறது.)

அஞ்சறைப்பெட்டியும் வெளியூர்ச் சந்தையும்

நோட்டு எவ்வளவு பெரியது என்பதைப் போலவே, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். கணினிக்குள் நினைவகம் என்பது ஒரே இடம் கிடையாது. சமையலறையில் கைக்கெட்டும் அஞ்சறைப்பெட்டி ஒன்று, அலமாரி ஒன்று, தெருமுனையில் மளிகைக் கடை, வெளியூரில் மொத்தச் சந்தை என்று இருப்பதுபோல அடுக்கடுக்காக இருக்கிறது. கைக்கு அருகில் இருப்பது சின்னது, வேகமானது, விலை அதிகம். தூரத்தில் இருப்பது பெரியது, மெதுவானது, மலிவு.

தூரத்தை நானோநொடியில் சொல்வார்கள். ஒரு நொடியை நூறு கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு அது. கேட்டால் எதுவும் மனதில் பதியாது. அதனால் ஒரு நானோநொடியை ஒரு முழு நொடியாக நீட்டிப் பார்ப்போம். ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் முதல் கேஷ் (காசு இல்லை, தற்காலிகச் சேமிப்பு) ஒரு நொடித் தூரத்தில் இருக்கிறது. அதே சில்லில் இருக்கும் மூன்றாம் அடுக்குக் கேஷ் பத்து, இருபது நொடி. ரேம் ஒன்றரை நிமிடம். சாதாரண எஸ்எஸ்டி? ஒரு நாளுக்கு மேல். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்? கிட்டத்தட்ட நான்கு மாதம்.

என் லேப்டாப் ஏன் படுத்தது என்பது இப்போது தெரிகிறது. 4 ஜிபி ரேமில் விண்டோஸுக்கும் மற்றவற்றுக்கும் போக மிச்சம் இருந்தது பாதிதான். நானோ முழு நான்கையும் ஹாஷுக்குக் கேட்டேன். கணினி ‘இடமில்லை’ என்று சொல்லவில்லை. மீதியை ஹார்ட் டிஸ்க்கில் வைத்துச் சமாளித்தது. ஒன்றரை நிமிடத்தில் வர வேண்டிய குறிப்புக்கு எஞ்சின் நான்கு மாதம் உட்கார்ந்திருந்தது. ப்ராசசருக்கு வேலையே இல்லை. அதனால்தான் ஃபேன் சுற்றவில்லை.

ரேமுக்குள்ளேயே இருந்தாலும் ஹாஷுக்கு ஒரு சாபம் உண்டு. சாதாரண நிரல்கள் தரவை வரிசையாகப் படிக்கும். ஒரு பக்கத்தைக் கேட்டால் அடுத்த பக்கத்தையும் சேர்த்துக் கேஷுக்குக் கொண்டுவந்து வைத்துவிடலாம். ஹாஷில் வரிசை என்பதே இல்லை. எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தோம் இல்லையா, அதனால் ஒரே ஒரு சிப்பாய் நகர்ந்தாலும் அடுத்த குறிப்பு நோட்டின் எங்கோ ஒரு கோடியில் இருக்கும். ஒவ்வொரு முறையும் மளிகைக் கடைக்கு நடை, அதுவும் ஒரு சிட்டிகை உப்புக்காக.

எஞ்சின் எழுதுபவர்கள் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். டீக்கடைக்குள் நுழையும்போதே மாஸ்டருக்கு விரலைக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தால், உட்காரும் நேரத்தில் டீ தயாராகிவிடும் அல்லவா? ஒரு நகர்வைச் செய்யப் போகிறோம் என்று தெரிந்த உடனே, அடுத்த நிலையின் அடையாள எண்ணை மட்டும் முதலில் கணக்கிட்டு, ‘அந்தக் கட்டைக் கொண்டுவா’ என்று ரேமுக்குச் சொல்லிவிடுகிறார்கள். பலகையில் மற்ற மாற்றங்களைச் செய்து முடிப்பதற்குள் குறிப்பு வந்து சேர்ந்துவிடும், அல்லது பாதி வழியிலாவது இருக்கும். ப்ரீஃபெட்ச் என்பது இதன் பெயர். ரேமைப் பெரிய பெரிய பக்கங்களாகக் கேட்டு வாங்குவது இன்னொரு தந்திரம். வழக்கமாக 4 கிலோபைட் பக்கங்களாகத் தரப்படுவதால், எந்தப் பக்கம் எங்கே என்று தேடுவதற்கே ஒரு நடை ஆகிறது. 2 எம்பி பக்கங்களாக வாங்கினால் அது குறைகிறது. இதனால் வழக்கமாக 5 முதல் 10 சதவீதமும், சில கணினிகளில் 30 சதவீதம் வரையும் வேகம் கூடியதாக ஸ்டாக்ஃபிஷ் குழுவே குறிப்பிட்டிருக்கிறது. மென்பொருள் ஒரு வரிகூடப் புதிதாக யோசிக்கவில்லை. காத்திருக்கும் நேரம்தான் குறைந்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு புது ரேம் விளம்பரங்களைப் பாருங்கள். டிடிஆர்4-இலிருந்து டிடிஆர்5-க்குப் போனால் இரட்டை வேகம் என்பார்கள். பொய் இல்லை, ஒரே நேரத்தில் எவ்வளவு அள்ளிவர முடியும் என்பது கூடியிருக்கிறது. லாரி பெரிதாகிவிட்டது. ஆனால் கடைக்குப் போய்வரும் நேரம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. நமக்கு வேண்டியதோ ஒரு சிட்டிகை உப்பு. வீடியோ எடிட் செய்பவருக்குப் பெரிய லாரி உதவும். ஹாஷுக்கு மட்டும் என்று டிடிஆர்5 வாங்கப் போகிறவரை நான் தடுப்பேன்.

மாடி கட்டிய கேஷ்

அப்படியென்றால் எது உதவும்? அஞ்சறைப்பெட்டியைப் பெரிதாக்குவது உதவும். அதில் ஒரு சிக்கல் இருந்தது. கேஷில் ஒவ்வொரு பிட்டுக்கும் ஆறு டிரான்சிஸ்டர் வேண்டும். ரேமில் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் போதும். அதனால் கேஷ் இடத்தை அடைத்துக்கொள்ளும். இடம் இல்லாத ஊரில் எல்லோரும் செய்வதை ப்ராசசர் நிறுவனமான ஏஎம்டி செய்தது, மாடி கட்டியது. 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி சில்லில், இருந்த 32 எம்பி மூன்றாம் அடுக்குக் கேஷின் மேல் இன்னும் 64 எம்பியை அடுக்கி 96 எம்பி ஆக்கினார்கள். சர்வர்களுக்கான எபிக் வரிசையில் இதே முறையில் 1,152 எம்பி வரை போனார்கள்.

செஸ் எஞ்சினுக்கு இது ஏன் பிடிக்கும் என்பதற்கு ஹாஷைவிட நல்ல காரணம் ஒன்று இருக்கிறது. 2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12, நிலையை மதிப்பிட என்என்யுஇ என்ற சிறிய நரம்பு வலையை (பயிற்சியால் கற்றுக்கொண்ட எண்களை வைத்துக் கணிக்கும் நிரலை) பயன்படுத்தத் தொடங்கியது. ஜப்பானில் யூ நாசு என்பவர் 2018-இல் ஷோகி என்ற ஜப்பானியச் செஸ் ஆட்டத்துக்காக உருவாக்கியது அது. அந்த முதல் வடிவத்தில் ‘ராஜா இந்தக் கட்டத்தில் இருக்கும்போது, இந்தக் காய் அந்தக் கட்டத்தில் இருக்கிறது’ என்ற வகையில் சுமார் 41,000 சூழல்கள். ஒவ்வொன்றுக்கும் 256 எண்கள், எண்ணுக்கு 2 பைட். பெருக்கினால் 21 எம்பி. ஒரு காய் நகர்ந்தால் அந்த அட்டவணையில் ஒரு வரியைக் கழித்து இன்னொரு வரியைக் கூட்டினால் போதும். சோப்ரிஸ்ட்டின் பழைய தந்திரத்தின் தம்பி என்றே சொல்லலாம். ஆனால் அந்த வரிகள் ஒவ்வொரு நகர்வுக்கும் வேண்டும், ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் எல்லாக் கோர்களுக்கும் வேண்டும். 32 எம்பி கேஷில் இந்த அட்டவணையும், மற்ற வேலைகளும், ஹாஷிலிருந்து வந்து போகும் துண்டுகளும் இடத்துக்கு அடித்துக்கொள்ளும். 96 எம்பியில் அட்டவணை நிம்மதியாக உட்கார்ந்துவிடும். பிந்தைய வலைகள் இன்னும் பெரிதாக வளர்ந்துவிட்டதால் பயன் பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நோட்டை இரட்டிப்பாக்கினாலும், காத்திருப்பைக் கொஞ்சம் குறைத்தாலும், எஞ்சினின் ஆட்ட வலிமை எகிறிவிடாது. ஹாஷ் ஏற்கெனவே போதுமான அளவில் இருந்தால், அதை இரண்டு மடங்காக்கிக் கிடைப்பது சில எலோ புள்ளிகள் (ஆட்ட வலிமையை அளக்கும் தரவரிசைப் புள்ளிகள்). அதற்கே நாட்கணக்கில் ஆயிரக்கணக்கான ஆட்டங்களை ஓட்டிப் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம். என்னைக் கேட்டால், புதிய நினைவகத்தால் பெரிய மாற்றம் வரக்கூடிய இடம் எண்ட்கேம்.

கடைசி ஏழு காய்கள்

பலகையில் காய்கள் குறைந்துவிட்டால் யோசிக்கவே வேண்டியதில்லை. எல்லா நிலைகளுக்கும் விடையை எழுதி வைத்துவிடலாம். இதற்கு டேபிள்பேஸ் என்று பெயர். செக்மேட் ஆன நிலைகளிலிருந்து தொடங்கி, ‘இதற்கு ஒரு நகர்வுக்கு முன் எப்படி இருந்திருக்கும்’ என்று பின்னோக்கி நடந்தே எல்லாவற்றையும் நிரப்புவார்கள். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் இதில் முன்னோடி. 1970-களின் பிற்பகுதியில், ராணிக்கு எதிராக யானை என்ற எண்ட்கேமை அவருடைய அட்டவணையிடமிருந்து ஜெயித்துக் காட்டுவதாக அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் வால்டர் பிரவுன் பந்தயம் கட்டினார். ராணி வைத்திருப்பவர் சுலபமாக வெல்வார் என்பதுதான் அதுவரை புத்தக அறிவு. கணினி யானையை வைத்துக்கொண்டு மனிதர் யாரும் செய்யாத தற்காப்பு நகர்வுகளைச் செய்தது. காய் எதுவும் வெட்டுப்படாமல் ஐம்பது நகர்வு போனால் டிரா என்ற வரம்புக்குள் பிரவுனால் முடிக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து, இரண்டாவது முறை சரியாக ஐம்பதாவது நகர்வில் யானையை வெட்டிப் பந்தயத்தை மீட்டார்.

இன்று பரவலாகப் பயன்படுவது ரொனால்ட் டி மான் உருவாக்கிய சிசிஜி அட்டவணைகள். ஐந்து காய்கள் வரை வேண்டுமென்றால் சுமார் 1 ஜிபி. ஆறு காய்களுக்கு 150 ஜிபி அளவில். 2018-இல் முடிந்த ஏழு காய் அட்டவணை 17 டெராபைட் அளவில். அதில் அடங்கும் நிலைகள் 423 லட்சம் கோடிக்கு மேல். அதற்கு முன் 2012-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் லொமொனோசோவ் சூப்பர்கணினியில் கணக்கிட்ட ஏழு காய் அட்டவணை 140 டெராபைட். செக்மேட்டுக்கு 549 நகர்வுகள் வேண்டிய ஒரு நிலையை அதுதான் காட்டியது. ஒவ்வொரு காய் கூடும்போதும் நூறு, நூற்றைம்பது மடங்கு வீக்கம். அதே விகிதத்தில் எட்டு காய்களுக்கு இரண்டு பெட்டாபைட், அதாவது இரண்டாயிரம் டெராபைட் என்று ஊகிக்கலாம்.

இவ்வளவும் ரேமில் நிற்காது, எஸ்எஸ்டியில்தான் இருக்கும். சரி, எஞ்சின் தேடலின் நடுவே ஏழு காய் நிலை ஒன்று வருகிறது, அட்டவணையைப் புரட்ட வேண்டும். எஸ்எஸ்டி பதில் சொல்ல நூறு மைக்ரோநொடி எடுத்துக்கொள்கிறது. நொடிக்குப் பத்து லட்சம் நிலை பார்க்கும் ஒரு கோர் அதற்குள் நூறு நிலைகளைப் பார்த்திருக்கும். ஒரு பதிலுக்கு விலை நூறு நிலைகள். எப்போதாவது கேட்டால் பரவாயில்லை. ஒவ்வொரு கிளையிலும் கேட்டால் எஞ்சின் தவழ ஆரம்பித்துவிடும். இதற்காகவே ஸ்டாக்ஃபிஷில் ‘இவ்வளவு ஆழம் மிச்சம் இருந்தால் மட்டும் அட்டவணையைக் கேள்’ என்று கட்டுப்படுத்த ஒரு செட்டிங் இருக்கிறது.

இந்த இடத்துக்கு என்றே செய்ததுபோல ஒரு பொருள் வந்தது. 2015 ஜூலையில் இன்டெலும் மைக்ரானும் சேர்ந்து 3டி எக்ஸ்பாயின்ட் என்ற புதிய நினைவகத்தை அறிவித்தன. ரேமைப்போல மின்னூட்டத்தைத் தேக்கி வைக்காமல், பொருளின் மின்தடை மாறுவதை வைத்துப் பூஜ்யம், ஒன்று என்று பிரித்தறிவது. மின்சாரம் போனாலும் அழியாது. எஸ்எஸ்டியில் இருக்கும் நாண்ட் என்ற வகை நினைவகத்தைவிட ஆயிரம் மடங்கு வேகம் என்று மேடையில் சொன்னார்கள். ஆப்டேன் என்ற பெயரில் 2017-இல் கடைக்கு வந்தபோது அவ்வளவு இல்லை. ஆனால் பதில் நேரம் பத்து மைக்ரோநொடி அளவுக்கு இறங்கியிருந்தது. நம் நீட்டிய கடிகாரத்தில் ஒரு நாளுக்கு மேல் என்பது மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. ஒரு பதிலின் விலை நூறு நிலைகளிலிருந்து பத்து நிலைகளாகிவிடுகிறது. பெரிய ஃபைல் காப்பி செய்வதில் மற்ற நல்ல எஸ்எஸ்டிகளைவிட அது பெரிதாக முந்தவில்லை, அதனால் சாதாரண வாடிக்கையாளருக்கு வித்தியாசமே தெரியவில்லை. சின்னச் சின்னத் துண்டுகளைக் கண்டபடி கேட்கும் வேலையில்தான் அதன் அருமை. டேபிள்பேஸின் வேலை அதேதான்.

2019-இல் இன்னும் ஒரு படி போனார்கள். ரேம் செருகும் இடத்திலேயே செருகக்கூடிய ஆப்டேன் அட்டைகள், ஒவ்வொன்றும் 128, 256, 512 ஜிபி. பதில் நேரம் 300 நானோநொடி சுமார். ரேமைவிட மூன்று, நான்கு மடங்கு மெதுவு, எஸ்எஸ்டியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வேகம். 512 ஜிபியை முழுக்க ஹாஷாக வைத்தால் ஐயாயிரம் கோடிக்கு மேல் குறிப்புகள். எல்லாவற்றையும் அதிலேயே போட்டால் வேகம் அடிவாங்கும். நானாக இருந்தால் இரண்டு நோட்டு வைப்பேன். நகர்வுகள் கிளைகிளையாகப் பிரியும் தேடல் மரத்தின் நுனியில் பிறக்கும் மேலோட்டமான குறிப்புகள் எண்ணற்றவை, மறுபடி கணக்கிட்டாலும் நஷ்டமில்லை. அவை ரேமில் எழுதி அழியட்டும். நிமிடக்கணக்கில் யோசித்துக் கிடைத்த ஆழமான குறிப்புகள் கொஞ்சம்தான். அவை பெரிய, மெதுவான நோட்டுக்குப் போகட்டும்.

மின்சாரம் போனாலும் அழியாது என்பதன் பயன் யாருக்குத் தெரியுமா? கடிதவழிச் செஸ் ஆடுபவர்களுக்கு. சர்வதேசக் கடிதவழிச் செஸ் கூட்டமைப்பான ஐசிசிஎஃப் நடத்தும் ஆட்டங்களில் எஞ்சின் பயன்படுத்த அனுமதி உண்டு. ஒரு நகர்வுக்குப் பல நாட்கள் அவகாசம். ஒரே நிலையில் எஞ்சினை இரவு பகலாக ஓட்டுவார்கள். அவ்வளவு உழைப்பும் ரேமில் இருக்கும். ஒரு மின்வெட்டு போதும். ஹாஷைக் கோப்பாகச் சேமிக்கும் வசதி சில எஞ்சின்களில் இருந்தது என்றாலும், நோட்டே தானாக நிலைத்திருப்பது தனி நிம்மதி.

இவ்வளவு சொல்லிவிட்டு இதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது: ஆப்டேன் இப்போது இல்லை. 2021-இல் மைக்ரான் விலகியது. 2022 ஜூலையில் இன்டெலும் கடையைக் கட்டுவதாக அறிவித்தது. விலை அதிகம், வாங்குபவர் குறைவு, அதனால் விலை குறையவும் வழியில்லை.

அதன் இடத்தைப் பிடிக்க இப்போது வந்துகொண்டிருப்பது சிஎக்ஸ்எல். இது புதிய வகை நினைவகம் இல்லை. சாதாரண ரேமையே கிராஃபிக்ஸ் கார்டு செருகும் வழியாக வெளியே இருந்து இணைத்துக்கொள்ளும் ஏற்பாடு. 2019-இல் முதல் விதிமுறை வெளியானது. பதில் நேரம் பக்கத்து ரேமைவிட இரண்டு, மூன்று மடங்கு கூடும். ஆனால் டெராபைட் கணக்கில் சேர்த்துக்கொண்டே போகலாம். வீட்டில் செஸ் பார்ப்பவருக்கு இதில் பெரிதாக எதுவும் இல்லை. டேபிள்பேஸை உருவாக்குபவர்களுக்கு இருக்கிறது. பின்னோக்கி நடந்து நிரப்பும்போது அட்டவணையின் எந்த மூலையையும் எந்த நேரத்திலும் தொட வேண்டியிருக்கும், அதற்கு அட்டவணையின் ஒரு பெரும்பகுதியாவது ரேம் போன்ற ஒன்றில் ஒரே சமயம் இருந்தாக வேண்டும்.

லீலா செஸ் சீரோ போன்ற எஞ்சின்களின் கதை கொஞ்சம் வேறு. அவை டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாசீரோ என்ற நிரலின் வழியில் வந்தவை. 2017-இல் ஆல்ஃபாசீரோ நொடிக்குப் பார்த்தது சுமார் 80,000 நிலைகள், எதிரே ஸ்டாக்ஃபிஷ் பார்த்தது 7 கோடி. குறைவாகப் பார்த்தாலும் ஒவ்வொன்றையும் ஒரு பெரிய நரம்பு வலையால் நிறுத்தி நிதானமாகப் பார்த்தது. அந்த வலையின் எடைகளை (அது கற்றுவைத்திருக்கும் எண்களை) கிராஃபிக்ஸ் சில்லான ஜிபியுவுக்குத் தொடர்ந்து ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே சிட்டிகை உப்பு கிடையாது, மூட்டை அரிசி. அதனால் பெரிய லாரி உதவும். ரேம் சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மிக அகலமான பாதை போட்ட எச்பிஎம் நினைவகம் இந்த வகை வேலைக்கானது. எடைகள் இருக்கும் இடத்திலேயே பெருக்கலையும் கூட்டலையும் செய்துவிடும் நினைவகங்களும் வரத் தொடங்கியிருக்கின்றன. 2021-இல் சாம்சங் அப்படி ஒன்றை அறிவித்தது. செயற்கை நுண்ணறிவுக்காகச் செய்கிறார்கள், செஸ்ஸுக்கு ஓசியில் கிடைக்கும்.

இதெல்லாம் வரும்போது வரட்டும். இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் கணினியில் என்ன செய்யலாம் என்றால், எஞ்சின் யோசிக்கும்போது திரையில் ஓடும் எண்களில் ‘ஹாஷ்ஃபுல்’ என்பதைக் கவனியுங்கள். ஆயிரத்துக்கு எத்தனை பங்கு நோட்டு நிரம்பியிருக்கிறது என்பதை அது சொல்லும். சில செயலிகள் அதையே சதவீதமாக மாற்றிக் காட்டும். ஸ்டாக்ஃபிஷ் முழு நோட்டையும் எண்ணிப் பார்ப்பதில்லை, முதல் ஆயிரம் கட்டுகளை மட்டும் பார்த்து மதிப்பிடுகிறது. நீங்கள் வழக்கமாக ஒரு நிலைக்கு ஒரு நிமிடம் கொடுப்பவராக இருந்து, அந்த எண் பத்து நொடியிலேயே ஆயிரத்தைத் தொட்டால், ஹாஷை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று கூட்டிப் பாருங்கள். நிமிட முடிவிலும் முந்நூறைத் தாண்டவில்லை என்றால் இருப்பதே போதும். எவ்வளவு கூட்டினாலும், மொத்த ரேமில் பாதிக்கு மேல் போக வேண்டாம். போனால் முதலில் ஃபேன் சத்தம் நிற்கும்.